மேட்டுத்தெருப் புட்டி

தங்கமாரியின் தோலை ஆறு புட்டிகளில் வளர்க்கப் போட்ட மறுநாள் காலையில், எட்டு நாளாகக் களிமண் மாதிரி அமுங்கிக் கிடந்த கருங்கண்மாய் ஊரின் இட்லி மாவு முழுவதும், ஆறு தெருவிலும், ஏழை பணக்காரன் என்று பார்க்காமல், சரியாக ஐந்தேகால் மணிக்கு மூடியை முட்டிக்கொண்டு எழுந்தது. ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. பத்து வருஷமாக அந்த ஊர் தின்றதெல்லாம் தங்கமாரி தன் மாவுக்கடையில் கை போட்டுக் கலக்கிய மாவு, அவரவர் வீட்டில் ஆட்டினாலும் அவள் கடை மாவில் ஒரு கரண்டியை உறை மாதிரி ஊற்றித்தான் புளிக்கவைப்பார்கள், கடையில் சிலிண்டர் கசிந்து தீப்பிடித்து அவள் வெந்துபோய் விழுந்த அன்றைக்கே ஊர் மாவெல்லாம் செத்துப்போனதையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். எட்டு நாள் உப்புமா தின்று நாக்குச் செத்திருந்த சனம், அவள் தோல் பிழைத்துக்கொண்டது போலிருக்கிறது, மாவும் பிழைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு இட்லித்தட்டில் துணியை நனைத்து விரித்தது.

ஆனால் சண்முகக்கனிக்கு மட்டும் அன்றைக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. அவள் தங்கமாரியின் அண்ணன் பெண்டாட்டி, அந்த ஊர் ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் தோல் வளர்க்கிற அறையில் வேலை பார்ப்பவள். நர்ஸுகள் அந்த அறைக்கு நாற்றங்கால் என்று பேர் வைத்திருந்தார்கள். தீக்காயம் பட்டவர்களின் உடம்பில் எரியாமல் மிஞ்சிய இடத்திலிருந்து தபால்தலை அளவு தோலை எடுத்து, அதைப் பிரித்து, தட்டைப் புட்டிகளில் ரோஸ் நிற ரசம் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, ரசத்தை மாற்றி மாற்றி மூன்று வாரம் போலக் காத்தால் கைக்குட்டை கைக்குட்டையாகத் தோல் விளையும், அதை எடுத்துப் புண்ணில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு புட்டியின் அடியிலும் எட்டணாக் காசு அளவில் ஒரு சில்லு, அதற்குப் பயோசென்சர் என்று பெயர். அது ரசத்தை நக்கி நக்கிப் பார்த்து, சர்க்கரை எவ்வளவு குறைந்தது, புளிப்பு எவ்வளவு ஏறியது, மூச்சுக் காற்று போதுமா என்று திரையில் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும், கோடு பச்சையாக இருந்தால் சுகம், சிவப்பானால் கேடு. ஆறு புட்டி, ஆறு கோடு. தங்கமாரிக்கு உடம்பில் பாதிக்கு மேல் வெந்துவிட்டது, நல்ல தோல் என்று மிஞ்சியது அக்குளுக்குக் கீழே அந்த ஒரு துண்டுதான், இன்னொரு தடவை எடுக்க இடமில்லை என்று டாக்டர் எபனேசர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக இந்த ஆறு புட்டிதான் தங்கமாரி.

மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில் கரண்டு போய், மூன்றாம் புட்டிக்கு மட்டும் ரசம் மாற்ற இரண்டு மணி நேரம் தாமதமானது. அன்றைக்குச் சிலுவைத் தெருவில் மட்டும் மாவு இரண்டு மணி நேரம் தாமதமாகப் பொங்கி, அந்தத் தெருப் பிள்ளைகள் பன்னைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். மற்ற புட்டிகளின் நேரத்தையும் மற்ற தெருக்கள் பொங்கிய நேரத்தையும் ஒத்துப் பார்த்ததில் கணக்குப் புரிந்துபோனது. நடுத்தெருவுக்கு முதல் புட்டி, பள்ளிவாசல் தெருவுக்கு இரண்டு, சிலுவைத் தெருவுக்கு மூன்று, மேட்டுத்தெருவுக்கு நான்கு, கீழத்தெருவுக்கு ஐந்து, ஸ்டேஷன் ரோட்டுக்கு ஆறு. அதற்குப் பிறகு கேட்பானேன், எங்க தெருப் புட்டி என்ற பேச்சுத்தான் ஊரெல்லாம். தேர்தலில்கூட இப்படிப் போட்டி நடந்ததில்லை. காலையில் முதலில் எந்தத் தெருவில் பொங்கியது என்று டீக்கடைச் சுவரில் கரியால் எழுதினார்கள், பொங்காத தெருக்காரர்கள் பொங்கின தெருக்காரர்களிடம் கண் வைத்துவிட்டாய் என்று சண்டைக்குப் போனார்கள், கீழத்தெருவில் மாவுச் சட்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். பள்ளிவாசல் தெருப் பெண்கள் விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எங்க புட்டிக்கு இன்னைக்கு ரசம் மாத்தியாச்சா என்று நர்ஸைப் பிடுங்கி எடுத்தார்கள். டாக்டர் எபனேசர் முதலில் எரிந்து விழுந்தார், நாலாம் நாளிலிருந்து வீட்டுக்காரம்மாவிடம் மாவு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

இதற்கு நடுவில் எந்தப் புட்டி எந்த இடத்துக்கு என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு வைத்திருந்ததை எந்த நர்ஸோ வெளியே சொல்லிவிட்டாள். முதலிரண்டும் நெஞ்சுக்கு, மூன்று கழுத்துக்கு, ஐந்து இடது கைக்கு, ஆறு முதுகுக்கு. நான்காம் புட்டி வலது கைக்கு. வலது கை என்றால் மாவு கலக்கும் கை. அதைக் கேட்ட நாளிலிருந்து மேட்டுத்தெருவின் நடையே மாறிப்போனது. அந்தத் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் வெள்ளத்தாய், இட்லியைத் தட்டில் வைக்கும்போதே, எங்க புட்டி வளர்த்த கை நாளைக்கு உங்க எல்லாருக்கும் சோறு போடப் போகுது, பார்த்துத் தின்னுங்க என்று சொல்லிச் சொல்லி வைத்தாள்.

கனி இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் புட்டிகளுக்கு ரசம் மாற்றினாள். தங்கமாரிக்கும் அவளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணமும் மாவுதான். நாற்றங்காலில் வேலை பார்ப்பவர்கள் மாவில், தயிரில், புளிக்கிற எதிலும் கை வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம். மாவைப் பொங்கவைக்கும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நக இடுக்கில் ஒளிந்துகொண்டு வந்து புட்டிக்குள் இறங்கிவிட்டால், தோலுக்கு வைத்த சோற்றை அது தின்று கொழுத்துவிடும். கனி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாவு கலக்கவில்லை. ஒரு பொங்கலன்று சட்டியை நீட்டியபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள, வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு முன்னால் தங்கமாரி, "தள்ளி நில்லுங்க மதினி, மகாராணி கையில மாவு ஒட்டிரும்" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கனிக்கு அந்தச் சிரிப்பு ஆறவே இல்லை, அன்றைக்கு விட்ட பேச்சை அதற்குப் பிறகு இரண்டு பேரும் தொடவில்லை. இப்போது அதே தங்கமாரியைத் தினமும் எட்டு மணி நேரம் கையில் ஏந்தி ரசம் ஊட்டிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நாலாம் புட்டியைத் தூக்கும்போது மட்டும் கனிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகும்.

பதினாறாம் நாள் பகலில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் பதினாலு பேர் வேன் பிடித்து ஆஸ்பத்திரி பார்க்க வந்து இறங்கினார்கள். கனியின் புருஷன் லாரியோடு நாக்பூரில் இருந்தான். மாமியார் ஆவுடைத்தாய் மகளை நினைத்து அழுது அழுது முகம் வீங்கியிருந்தவள், ஆனாலும் வந்தவர்களுக்குக் கடைப் பரோட்டா வாங்கிப்போட்டால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள் என்பதையும் அறிந்தவள்.

"ராத்திரிக்கு இட்லிக்குத்தான் போடணும். எனக்குக் கை நடுங்குது, நீ கலக்கு" என்றாள்.

"அத்தை, நான் கை வைக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியுமே."

"கரண்டி போட்டுக் கலக்குன மாவு நம்ம வீட்டுல என்னைக்கு எந்திரிச்சிருக்கு? ஒரு நாள் கை வச்சா உலகம் அழிஞ்சிராது. அங்க கிடக்கிறது என் பிள்ள, அவ பேரு கெடாம வந்தவங்களுக்குச் சோறு போடணும், அம்புட்டுத்தான் கேக்கேன்."

கனி கை வைத்தாள். முழங்கை வரை. ஆறு வருஷத்துக்குப் பிறகு மாவின் குளிர்ச்சி விரலிடுக்கில் ஏறியபோது அவளுக்கு உள்ளபடிக்கே சந்தோஷமாக இருந்தது, அதற்காக அவள் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை. மூன்று தடவை சோப்புப் போட்டாள், நகத்தை வெட்டினாள், ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தாள், பகல் இரண்டு மணி ஷிப்டுக்குப் போனாள். ஆறு புட்டிக்கும் வரிசையாக ரசம் மாற்றினாள். நடுவில் எங்கேயோ கையுறையின் நுனி கிழிந்திருப்பதைப் பார்த்து வேறு மாற்றிக்கொண்டாள். எந்தப் புட்டிக்கும் எந்தப் புட்டிக்கும் நடுவில் என்பதை எழுதிவைக்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் பால்காரர் ஒரு பேச்சைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஊரில் ஏதோ ஒரு தெருவில் மாவு வழக்கத்தைவிட நன்றாகப் பொங்கி வழிகிறதாம், ஆனால் கள்ளு வாசம் அடிக்கிறதாம். எந்தத் தெரு என்று அவர் சொல்லவில்லை, சொன்னால் அங்கே பால் ஊற்ற முடியாது.

பூஞ்சை பெருத்தால் கள்ளு வாசம்தான் அடிக்கும் என்று கனிக்குத் தெரியும். ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரையில் ஆறு கோடும் பச்சையாக, அழகாக, ஒன்றைப்போல ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. சர்க்கரை நன்றாகக் குறைகிறது, அதனால் தோல் நன்றாகத் தின்கிறது, அதனால் சுகம் என்று சொன்னது மெஷின். தின்பது யார் என்று அதற்குக் கேட்கத் தெரியாது. நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொரு புட்டியாகப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை, இரண்டு நாள் வயதுப் பூஞ்சை நாலைந்து எண்ணிக்கைதான் இருக்கும், கடலில் கடுகு தேடுவது மாதிரி.

டாக்டர் எபனேசர் நாளைக் காலை ஆப்பரேஷனுக்குச் சாமான் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். தங்கமாரிக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டி நின்றது. புண்ணை நாளைக்கு மூடாவிட்டால் பிழைக்க மாட்டாள். பூஞ்சை பிடித்த தோலைக் கொண்டு மூடினால் அது நேரே ரத்தத்தில் இறங்கும், அப்போதும் பிழைக்க மாட்டாள்.

"டாக்டர், ஒரு புட்டி கெட்டிருக்குன்னு எனக்குத் தோணுது."

"எது?"

"தெரியலை."

"ஏன் தோணுது?"

கனி வாயைத் திறந்தாள். ஆறு வருஷ வேலை, வீட்டுக் கடனில் பாதிக்குமேல் கட்டின சம்பளம், மாமியாரின் வீங்கிய முகம், எல்லாம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டன. "ஊருல மாவு வாசம் சரியில்லையாம்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெஸ்ட் போட்டா இரண்டு நாள் ஆகும். ஆறையும் தூர எறிஞ்சா நாளைக்கு ஒட்ட ஒண்ணும் இல்லை. ஆறையும் ஒட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எந்தத் தெருன்னு சாயங்காலத்துக்குள்ள கேட்டுட்டு வாங்க."

ஒரு டாக்டர் இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. அதைப் பற்றி யோசிக்கக்கூட கனிக்கு நேரமில்லை. நடுத்தெருவில் தொடங்கி ஸ்டேஷன் ரோடு வரைக்கும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கேயும் ஒரு மூடியைத் திறந்துகாட்ட ஆளில்லை. எங்க மாவு மல்லிகைப்பூ மாதிரி இருக்கு, கீழத்தெருவுலதான் நாறுதாம் என்றார்கள் பள்ளிவாசல் தெருவில். கீழத்தெருவில் சிலுவைத் தெருவைக் கைகாட்டினார்கள். சிலுவைத் தெருவில், ஏன், ஸ்டேஷன் ரோட்டுல போய்க் கேக்கது என்றார்கள். ஆறு தெருவிலும் ஏதோ ஒரு வீட்டில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது இயல்பாகத் தட்டுகிறதா வாசத்தை அமுக்கத் தட்டுகிறதா என்று யார் கண்டது. மேட்டுத்தெருவில் வெள்ளத்தாய் இட்லிக்கடையின் கதவைப் பாதி சாத்தியபடி நின்றுகொண்டு, "எங்க புட்டியத் தூக்கிப் போட வழி பார்க்கியா கனி? நடுத்தெருக்காரங்களுக்கு வலது கை எங்களுக்கு வந்தது பொறுக்கலையோ?" என்றாள். சொந்தத் தெருவான நடுத்தெருவிலேயே கனியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவரவர் புட்டியை அவரவர் பிள்ளை மாதிரி மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைக்கு நோய் என்று வெளியே சொல்ல யாருக்கு மனசு வரும்.

நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியில் குழாய் திறப்பார்கள். ஆறு தெருப் பெண்களும் குடத்தோடு வந்து நிற்கும் இடம் ஊரில் அது ஒன்றுதான். மாமியார் ஆவுடைத்தாயும் பச்சைக் குடத்தோடு வரிசையில் நின்றாள். கனி தொட்டியின் படியில் ஏறி நின்றபோது பேச்சு அடங்கியது. ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. ஆனாலும் பேசினாள்.

"நான் முந்தாநாள் மாவுல கை வச்சேன். வச்ச கையோட போய்ப் புட்டியத் தொட்டேன். கையுறை கிழிஞ்சிருந்தது. உங்க தெரு மாவுல ஒரு குத்தமும் இல்லை, உங்க கண்ணேறும் இல்லை, உங்க ராசியும் இல்லை. குத்தம் என் கையில. எந்தப் புட்டின்னு மெஷினுக்குத் தெரியலை, எனக்கும் தெரியலை, உங்கள்ல யாருக்கோதான் தெரியும். நாளைக்குக் காலையில ஒட்டிருவாங்க. சொல்லலைன்னா தங்கமாரி செத்துப்போவா."

குழாய்த் தண்ணீர் யாரோ ஒருத்தி குடத்தில் நிரம்பி வழிந்து ஓடியது, அவள் நகர்த்தவில்லை. ஆவுடைத்தாய் குடத்தைக் கீழே வைத்தாள்.

"கை வைக்கச் சொன்னது நான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே குத்தவைத்துவிட்டாள்.

வரிசையின் கடைசியிலிருந்து வெள்ளத்தாய் விலகிப் போனாள். குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டுப் போனாள், அந்த ஊரில் அப்படி யாரும் செய்வதில்லை, இடம் போய்விடும். பத்து நிமிஷத்தில் இடுப்பில் ஒரு சட்டியோடு திரும்பி வந்தாள். யாரும் அவள் குடத்தைத் தாண்டி நகர்ந்திருக்கவில்லை. சட்டியைக் கனியின் காலடியில் வைத்து மூடியைத் திறந்தாள். பதனீர் முற்றிப்போன பானை மாதிரிப் புளித்த கள்ளு வாசம் ஆறு தெருப் பெண்களின் மூக்கிலும் ஏறியது.

"நேத்துக் காலையில இருந்தே இப்படித்தான். இஞ்சி தட்டிப் போட்டேன், கருவேப்பிலை போட்டேன். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் இப்படித்தான், நான்தான் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிவச்சேன். வலது கைன்னு சொன்னாங்கள்ல கனி, அத எப்படி என் வாயால..." மேட்டுத்தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சட்டியைக் கனியும் வெள்ளத்தாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் எபனேசர் குனிந்து மோந்து பார்த்தார். திரையில் நாலாம் கோட்டைப் பார்த்தார், அது பச்சையாக, எல்லாவற்றையும்விட ஆரோக்கியமாக ஏறிக்கொண்டிருந்தது. கனி காரணத்தை இந்தத் தடவை முழுக்கச் சொன்னாள். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், மூன்று மாதம் நாற்றங்கால் பக்கம் வரக் கூடாது என்றார், பிறகு நாலாம் புட்டியை எடுத்து மூடியை இறுக்கி, பைக்குள் பை வைத்துக் கட்டி, சூட்டுப் பெட்டிக்கு வெளியே தள்ளிவைத்தார். சில்லை மட்டும் கழற்றவில்லை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, ஆப்பரேஷன் முடிந்து வெகுநேரம் கழித்து, ரசம் கலங்கி மஞ்சளாகி அந்தக் கோடு சிவப்பானது.

ஐந்து புட்டித் தோலும் ஒட்டிப் பிடித்தன. நெஞ்சும் கழுத்தும் முதுகும் மூடின, காய்ச்சல் இறங்கியது, இடது கை பிள்ளைக் கை மாதிரி வழவழவென்று வந்தது. வலது கைக்கு ஒட்ட ஒன்றுமில்லை. அது தானாகவே மெல்ல ஆறி, வடு இழுத்து, நாலு விரலும் உள்ளங்கையோடு மடங்கிப்போனது. அதன் பிறகு ஐந்து தெருவில் மாவு பொங்கியது, மேட்டுத்தெருவில் பொங்கவில்லை. அந்தத் தெருவுக்கு மற்ற தெருக்காரர்கள் முறை வைத்து மாவு கொடுத்தார்கள்.

நாலு மாதம் கழித்துத் தங்கமாரி வீட்டுக்கு வந்தாள். ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், கனி தன் வாயாலும் ஒரு தடவை போய்ச் சொன்னாள், அப்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது நேரே அடுக்களைக்குப் போனாள். ஆட்டி வைத்த மாவு சட்டியில் இருந்தது. கலக்கவில்லை, உப்புப் போட்டு அப்படியே விட்டிருந்தார்கள். வாசலில் வெள்ளத்தாயும் மேட்டுத்தெருப் பெண்கள் பத்துப் பேரும் செருப்பைக் கழற்றாமல், உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

தங்கமாரி மடங்கின வலது கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடது கையின் வளையலை முழங்கைக்கு ஏற்றினாள்.

"ஏட்டி, அது பீச்சாங்கை" என்று தொடங்கிய ஆவுடைத்தாய் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சோற்றைத் தொடக் கூடாத கை அது, யாருக்கும் எதையும் நீட்டக் கூடாத கை, அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கே முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

கனி பொறுக்க மாட்டாமல் ஓரடி முன்னால் வந்தாள். "நான் கலக்குதேன், தங்கமாரி. ஆஸ்பத்திரி வேலை எனக்கு வேண்டாம். இனி நானே கலக்குதேன்."

தங்கமாரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமும் நாலு மாதமும் கழித்து அவள் கனியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தள்ளி நில்லுங்க மதினி" என்றாள். "நாளைக்கு ஷிப்டுக்குப் போறவுக மாவுகிட்ட வரக் கூடாது. அங்க எந்தப் பிள்ளைக்கோ தோலு வளருதாம்ல."

கனி தள்ளி நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணில் கொட்டுகிற தண்ணீரைத் துடைக்கக்கூட அவள் கையை முன்னால் எடுக்கவில்லை.

தங்கமாரி இடது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பழக்கமில்லாத பக்கமாக, மெதுவாகச் சுற்றினாள். மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு மேட்டுத்தெருவில் வெள்ளத்தாய் வீட்டுச் சட்டியின் மூடி தரையில் விழுந்து உருண்டது. அவள் முதல் ஈடு இட்லியை எடுத்து, வலது கையில் இருந்ததை இடது கைக்கு மாற்றிப் பிட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், தன் வீட்டில் போய் அவளும் அப்படியே தின்றாள்.